பேருந்து நிற்கும் மரம்

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?

உன் வீட்டில் இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். அன்றைக்குப் பேருந்து என்னை உன் கடை வாசலில்தான் இறக்கிவிட்டது. பல வருஷம் கழித்து வருகிற எனக்கு எங்கே தெரிந்தது? உன் பெயர்ப்பலகையை அந்த வாதாம் மரம் மொத்தமாக மூடிக்கொண்டு நிற்கிறது. நான் பாட்டுக்கு நடந்து, அடுத்த திருப்பத்தில் இருக்கிற இன்னொரு கண்ணாடிக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் கடை முன்னாலும் மரம் இருக்கிறது, ஆனால் பலகை ஓரமாகத் தப்பித்துத் தெரிகிறது. கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிற அந்த மனுஷன், "வாங்கம்மா, எத்தனை நாளா மங்கலா தெரியுது?" என்று கேட்டு என் தாடையைப் பிடித்து மெஷினில் வைத்துவிட்டார். "நான் என் தம்பியைப் பார்க்க வந்தேன்" என்றால், "தம்பி நல்லாத் தெரிவாரு, முதல்ல இந்த எழுத்தைப் படிங்க" என்கிறார்.

கூடப் பிறந்தவளே எதிராளி கடைக்குப் போய்விட்டாள் என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்? அந்த மரத்துக்கு ஒரு வழி பண்ணு. பதில் எழுது. போனில் நீ கத்தினாலும் என் காதில் பாதிதான் விழுகிறது.

உன் நன்மைக்காகவே திட்டுகிற,
அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சொல்லைத் தட்டாத தம்பி எழுதுவது. இருமல் போய்விட்டது. மரமும் போய்விட்டது!

இரண்டு ஆட்கள் வந்தார்கள், பகல் முழுக்க அறுத்தார்கள். இப்போது என் பலகை தெரு முனையிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. நீல எழுத்தின்மேல் வெயில் பட்டால் கண் கூசுகிறது. கண் கூசினால் கண்ணாடிக் கடைக்குத்தானே வந்தாக வேண்டும்? கூலிங்கிளாஸ்காரருக்கு (உன் தாடையைப் பிடித்தவர்தான், தெருவில் அவருக்கு அதுதான் பெயர்) இனிமேல் ஈ ஓட்டுகிற வேலைதான். கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

உன் முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு.

பாசமுள்ள,
தம்பி

அண்ணி, கீழே இடம் இருக்கிறதே என்று நானும் எழுதுகிறேன். மரம் சாய்ந்ததும் பறவைகள் எல்லாம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சாயங்காலம்வரை சுற்றிச் சுற்றி வந்தன. இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்குக் கீழே நிற்கிறார். சுத்திப்போடலாமா என்று பார்க்கிறேன். நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க.

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு இடம் மாறிக்கொண்டது. மற்றபடி சுகம்.

நல்ல காரியம் செய்தாய். உன் வாழ்க்கையில் நான் சொன்னதும் செய்த முதல் வேலை இதுதான். கூட்டம் எப்படி? என் மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். அவருடைய மருந்துக் கடையில் இப்போது வேலை செய்கிற எல்லோருக்கும் பச்சைத் தொப்பி கொடுத்திருக்கிறார், பெரியவர் சின்னவர் பாகுபாடு இல்லை. பார்த்தால் வரிசையாகக் கீரைக்கட்டு அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

விவரமாக எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மும்முரத்தில் பதில் தள்ளிப்போய்விட்டது. வியாபாரம் பரவாயில்லை. தினமும் ஆட்கள் கடைக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு அதிசயம் நடந்தது. போன மாதம் கண் பரிசோதனைக்கு வந்த அத்தனை பேருக்கும் பார்வைக் குறைவு! இளவட்டப் பையன் ஒருவனுக்கு மேல் வரியே தெரியவில்லை. நம் ஊருக்கே கண் கெட்டுவிட்டது, எனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மறுநாளே எல்லோரும் தலைவலி என்று திரும்பி வந்துவிட்டார்கள். அப்புறம்தான் புரிந்தது. முன்பு மரம் மறைத்த வெயில் இப்போது கதவு வழியாக நேரே எழுத்து அட்டையில் அடிக்கிறது. அந்தக் கூச்சத்தில் கழுகுக்கே எழுத்து தெரியாது. எல்லாக் கண்ணாடியையும் திரும்ப வாங்கிக்கொண்டு அட்டையை வேறு சுவரில் மாட்டிவிட்டேன். சின்ன விஷயம்தான், கவலைப்படாதே.

தம்பி

அண்ணி, உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் "பஸ் இப்ப எங்கங்க நிக்குது?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். மரம் போனதும் வாசலில் யாராலும் நிற்க முடியவில்லை. எல்லோரும் நடந்து கூலிங்கிளாஸ்காரர் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பேருந்தும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்தானே, சும்மா நிற்கிற நேரத்தில் பிரேமைத் தொட்டுப் பார்த்து, மூக்கில் மாட்டிப் பார்த்து, கடைசியில் வாங்கியும் போனார்கள்? நம் வாசலில் படுத்திருந்த நாய்கூட அங்கே குடிபோய்விட்டது. இவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

மே 3

அட அறிவுகெட்டவனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்பது எனக்குத் தெரியும்.

மரத்துக்கு ஒரு வழி பண்ணு என்றால், பலகையை மறைக்கிற கிளையைக் கழி என்று அர்த்தம். அடியோடு அறுத்துத் தள்ளச் சொன்னேனா? போன கடிதத்தில் நல்ல காரியம் என்று எழுதினேனே என்று என் வாயை அடைக்கப் பார்க்காதே. உனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று எழுதினது அது.

சரி, போனது போகட்டும். மாப்பிள்ளையிடம் பேசினேன். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். என் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. வருஷக் கடைசிவரை உனக்காக இடம் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். தொப்பி அளவை மட்டும் எழுது.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் சுகம். மாப்பிள்ளையின் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் தொப்பிக்கு அவசரம் இல்லை. இருபத்தைந்து வருஷமாக என் கடையில் நான்தான் முதலாளி, நான்தான் வேலைக்காரன், திட்டுவதும் நான், திட்டு வாங்குவதும் நான். இந்த வயதில் இன்னொருவர் கொடுக்கிற தொப்பியைப் போட்டுக்கொண்டு "வாங்க சார்" என்று சொல்ல என்னால் முடியாது அக்கா. செத்துப்போய்விடுவேன்.

அதனால் மூளையைக் கசக்கினேன். வாசலில் தகரக் கொட்டகை போட்டேன். கீழே நின்ற ஒருவர் தலையைத் தடவிக்கொண்டு, "உள்ள என்னங்க சுடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொட்டகையைப் பிரித்துவிட்டேன். அப்புறம் பேருந்தை வழிமறித்து ஓட்டுநர் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அந்த அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "அண்ணே, ஜனங்க நிக்கிற இடத்துல நான் நிறுத்துறேன். நிழல் இருக்கிற இடத்துல ஜனங்க நிக்கிறாங்க. நிழல் எங்க இருக்குன்னு நீங்கதான் கண்ணாடி போட்டுப் பாக்கணும்." பேருந்து முழுக்கச் சிரிப்பு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேற்று ஒரு வாதாம் கன்று வாங்கிவந்து நட்டேன். பழைய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே. வருஷக் கடைசிக்குள் இது வளர்ந்துவிடும்.

தம்பி

அண்ணி, கன்று என் முழங்கால் உயரம் இருக்கிறது. வருஷக் கடைசியாம். ஜன்னலோரம் வைத்திருந்த பிளாஸ்டிக் பிரேம்கள் வெயிலில் உருகி நெளிந்துவிட்டன. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஒரு கண் நெற்றியில் இருக்கிறது. மேற்குச் சுவர் பொழுது சாய்ந்த பிறகும் கொதிக்கிறது. மரம் இருந்தபோது நமக்கு இவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியவே இல்லை.

ஜூலை 15

தம்பிக்கு,

முழங்கால் வலி அப்படியேதான். உன்னை நினைத்தால் தலையும் சேர்ந்து வலிக்கிறது.

வருஷக் கடைசிக்குள் மரம் வளருமா? மரம் என்ன உன் வாயா, நொடியில் நீள்வதற்கு? மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். உன் வீட்டுக்காரிக்குப் பிடிக்குமே என்று ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். தொப்பி அளவு இன்னும் வரவில்லை.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியம், ரொம்ப சௌக்கியம்!

முதலில் கன்றைப் பற்றிச் சொல்கிறேன். என் இடுப்புக்கு வந்துவிட்டது. போன மாதம் மழை கொட்டியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முன்பெல்லாம் வாசலில் விழுகிற மழை அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடும். இந்த முறை நேராகக் கடைக்குள் வந்து நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. வாடிக்கையாளர் வராத கடைக்குத் தண்ணீராவது வந்ததே என்று இறைத்துக் கொட்டினேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன், வியாபாரம் பரவாயில்லை.

இப்போது கேள். கூலிங்கிளாஸ்காரர் புதிதாக ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார், ராத்திரியில் விளக்கு எரிகிற மாதிரி. அதை அவருடைய மரம் மறைக்கிறதாம். அடுத்த வாரம் வெட்டப் போகிறார்! என் மரத்தை அறுத்த அதே இரண்டு ஆட்களிடம் சொல்லிவிட்டாராம். அவர் நிழலும் போய்விட்டால் இரண்டு பேரும் சமம். பேருந்து நடுவில் எங்காவது நிற்கும். என் நீலப் பலகை அப்போது வேலை செய்யும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தம்பி

அண்ணி, சந்தோஷம் தாங்காதவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்துக்கொண்டு தெருவையே பார்க்கிறார்.

செப்டம்பர் 14

தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், குசலம் விசாரிக்க நேரமில்லை.

வாயைத் திறக்காதே. உன்னை எனக்குத் தெரியும். போய் ஏதாவது உளறி வைப்பாய். அந்த மனுஷன் வெட்டுகிறாரா, வெட்டட்டும். உன்னிடம் வந்து யாராவது சொன்னார்களா, மரம் போனால் பிழைப்பு போகும் என்று? நீ பட்டுத் தெரிந்துகொண்டாய், அவரும் படட்டும். எனக்கு மரம் முக்கியமில்லை, தெரு முக்கியமில்லை. நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னதைக் கேள்.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தாலும் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். மரத்தடியில் முட்டைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தார். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற தையல்காரர் அடிமரத்தில் சாய்ந்திருந்தார். மழலைப் பள்ளி டீச்சர் என்னைப் பார்த்து, "என்ன சார், நீங்களும் இங்க வந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் என் வாசலில் நின்றவர்கள் அக்கா. ஒரு தடவை நான் அவர்களை வெயிலில் துரத்தியாகிவிட்டது. இன்னொரு தடவை அவர்கள் போக இந்தத் தெருவில் வேறு இடமே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

கடைக்குள் போய், "மரத்தை வெட்டாதீங்க" என்றேன். கூலிங்கிளாஸ்காரர் சிரித்தார்.

"உங்க மரத்தை நீங்க வெட்டலாம், என் மரத்தை நான் வெட்டக் கூடாதா? என் கடையில கூட்டம் பாத்து வயித்தெரிச்சலா?"

"கூட்டம் உங்களுக்கு வரல, உங்க மரத்துக்கு வருது."

"என் கைராசிக்கு வருது. ஊரே சொல்லுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, நாளைக்கு மத்தியானம் என் கடையில வந்து உக்காருங்க. உங்க கைராசியையும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

வந்தார் அக்கா, ரோஷக்காரர். கூட்டத்துக்கென்று போட்ட கூடுதல் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. மேற்குச் சுவர் காய ஆரம்பித்தது. கடை காற்று வாங்குகிறது என்பார்கள், இங்கே அந்தக் காற்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒருவர் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். "இங்க கூலிங்கிளாஸ்காரர் கடை எதுங்க?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டவா, வழியைக் காட்டவா என்று தெரியாமல் முழித்தேன்.

கடைசியில் வியர்வை துடைப்பதற்காக அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை நான் பார்த்தது அப்போதுதான். என் கண் மாதிரியே இருந்தது, வயசான கண்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குப் பரவாயில்ல," என்றேன். "நீங்க வந்திருக்கீங்க."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து போனார். மரம் அறுக்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று சாயங்காலம் கேள்விப்பட்டேன்.

ஆக அவர் மரம் நிற்கிறது, என் கடைதான் நிற்காது. வியாபாரம் பரவாயில்லை என்று எழுதினதையெல்லாம் மறந்துவிடு. மாப்பிள்ளையிடம் நான் வருகிறேன் என்று சொல். தொப்பி இருபத்திரண்டு அங்குலம். கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

தம்பி

நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை முழுக் காகிதமும் எனக்கே. முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் கூலிங்கிளாஸ்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பிரேமும் லென்ஸும். "என் லென்ஸ் அரைக்கிற மெஷின் ரிப்பேர். இதை அரைச்சுக் குடுங்க" என்று இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவர் அரைத்துக் கொடுத்தார். அடுத்த நாளும் மெஷின் ரிப்பேர். அதற்கடுத்த வாரமும் ரிப்பேர். அவர் கடைப் பக்கமாக நான் போனபோது அந்த மெஷின் நன்றாகவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நான் எதையும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

இப்போது அரைக்கிற வேலை முழுக்க இங்கேதான். சரிபார்த்து வாங்கிப்போக வாடிக்கையாளர்களையும் இங்கேயே அனுப்புகிறார். இவருக்கு நிமிர நேரமில்லை. சந்தோஷத்தில் பாட வேறு செய்கிறார், அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

நாங்கள் வரவில்லை அண்ணி. இதை உங்களுக்கு எழுத இவருக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரா?

உங்கள் தம்பி மனைவி

டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காகிதத்தை எடுப்பேன், மூடி வைப்பேன்.

மாப்பிள்ளைக்குக் கோபமில்லை. அவருக்கு ஆளே தேவைப்படவில்லை. நான்தான் நச்சரித்து ஒரு இடம் வாங்கினேன். அத்தான் போனபின் இந்த வீட்டில் சாயங்கால நேரம் ரொம்ப நீளம். மாடியில் உன் இருமல் சத்தம் கேட்டால் போதும் என்று இருந்தது. உன் கடை படுத்துவிட்டது என்று தெரிந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். மரத்தை வெட்டச் சொன்னவளும் நான், வெட்டினதால் நீ வருவாய் என்று ஆசைப்பட்டவளும் நான். நீங்கள் வரவில்லை என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் நீ பிழைத்துக்கொண்டாய் என்பது உறைத்தது. அதற்கும் கொஞ்சம் அழுதேன்.

நீ அங்கேயே இரு. அந்தக் கன்றைப் பார்த்துக்கொள். அது பெரிசாகி நிழல் தருகிற காலத்தில் நான் இருந்தால் வந்து பார்க்கிறேன்.

அக்கா

ஜனவரி 4

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் நேரில்.

கன்று என் தோளைத் தாண்டிவிட்டது. மேலே தட்டுத்தட்டாக இலை விட்டிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இங்கே நகர்த்திப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஆளுக்கு நிழல் விழுகிறது. எனக்குப் பத்தவில்லை, தோள்பட்டை வெளியே நிற்கிறது. இவளுக்கும் பத்தவில்லை, ஆனால் அதைச் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது.

நீ ஒல்லிதானே. கிளம்பி வா.

தம்பி